அன்றாடம் நம்மீது படும் வானொலி அலைகளை அளத்தல்: கொழும்பில் வசிப்போருக்கான வழிகாட்டி

எதிர்வீட்டு மாடியில் கைத்தொலைபேசி அன்டெனா ஒன்று பொருத்தப்பட்டதும், வானொலி அலைகளை அளக்கும் ஒரு மானியை வாங்கிச் சன்னலோரம் பிடித்துப் பார்க்கத் தோன்றுவது இயல்பே. ஆனால், அங்கே ஒரு கணம் தெரியும் எண்ணைக் கொண்டு, அந்த வீட்டில் வசிப்பவர் நாள் முழுவதும் எவ்வளவு பெறுகிறார் என்று சொல்லிவிட முடியாது. அவர் காலையில் வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போகிறார், அலுவலகத்தில் வைஃபைக்கு அருகில் அமர்கிறார், மாலையில் நெரிசலான புகையிரதத்தில் திரும்புகிறார். அளக்க வேண்டியது அந்த முழு நாளைத்தான்.

இதற்குக் கைத்தொலைபேசிச் செயலிகள் உதவமாட்டா. அவை காட்டுவது அந்தத் தொலைபேசிக்குக் கிடைக்கும் சிக்னலின் வலிமையை மட்டுமே. மூன்று அச்சுகளிலும் உணர்ந்து, மீடிறன் பட்டைகளைப் பிரித்து, சில செக்கன்களுக்கு ஒருமுறை தானே பதிவுசெய்யும் உடலோடு கொண்டுசெல்லும் மானி தேவை. பட்டை பிரிப்பதன் பயன் பெரிது: 1800 மெகாஹேர்ட்ஸ் பட்டையில் 1710 முதல் 1785 வரை தொலைபேசிகள் கோபுரத்துக்கு அனுப்புவது, 1805 முதல் 1880 வரை கோபுரம் அனுப்புவது. எனவே, அலை எங்கிருந்து வந்தது என்பதை எண்ணே காட்டிக்கொடுக்கும். வைஃபையில் இரு திசையும் ஒரே பட்டையைப் பகிர்வதால் அங்கு இந்தப் பிரிப்பு இயலாது.

மானியைச் சட்டைப்பையில் திணிக்காதீர்கள். உடல் அலைகளை உறிஞ்சி மறைப்பதால், முதுகுப் பக்கமிருந்து வருவது குறைவாகவே பதிவாகும். தோள்பையில், உடலிலிருந்து சற்று விலக்கி வைத்து, பக்கத்தை அவ்வப்போது மாற்றுங்கள். உங்கள் சொந்தத் தொலைபேசியை விமானப் பயன்முறையில் வைத்தால், சூழலிலிருந்து வருவது மட்டும் பதிவாகும். காதோடு வைத்துப் பேசும்போது தலை உறிஞ்சும் ஆற்றலை எந்தத் தோள்பை மானியாலும் அளக்க முடியாது. அதற்குப் பேசிய நேரத்தையும் சிக்னல் நிலையையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு குறிப்பேடு கட்டாயம். “7.40 பஸ், நின்றபடி, நெரிசல், 8.30 கோட்டை, நடை” என்ற அளவு போதும். இக்குறிப்பில்லாத பதிவு, என் கருத்தில், வீண் உழைப்பு. வேலைநாளையும் ஞாயிற்றுக்கிழமையையும் தனித்தனியே அளவிடுங்கள்.

பெரும்பாலோர் பிழைவிடுவது சராசரியில்தான். மானி காட்டும் மீற்றருக்கு வோல்ற்று எண்களை அப்படியே கூட்டி வகுக்கக்கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கித்து 377ஆல் வகுத்தால் சதுர மீற்றருக்கான வாற்று கிடைக்கும். சராசரியை அதில் எடுக்க வேண்டும். பாதி நேரம் 2 வோல்ற்று, மீதி நேரம் பூச்சியம் என்றால், நேர்ச் சராசரி 1 என்று காட்டும்; முறையாகக் கணித்தால் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 5.3 மில்லிவாற்று, அதாவது மீற்றருக்கு 1.41 வோல்ற்று வரும்.

ஒப்பிடுவதற்கு, அயனாக்காக் கதிர்ப்புப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழுவின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் உண்டு. பொதுமக்களின் முழு உடலுக்கு, 30 நிமிடச் சராசரியாக, 900 மெகாஹேர்ட்ஸில் சதுர மீற்றருக்கு 4.5 வாற்றும், 1800இல் 9 வாற்றும், 2000க்கு மேல் 10 வாற்றும் அதன் எல்லைகள். ஒவ்வொரு பட்டையின் அளவையும் அதற்குரிய எல்லையால் வகுத்து, வரும் பின்னங்களைக் கூட்டுங்கள்; கூட்டுத்தொகை 1ஐத் தாண்டாதிருக்க வேண்டும்.