உமியிலிருந்து லிக்னின்-சிலிக்கா கலவைப் பொடி: மூன்று நாள் செய்முறை

எங்கள் ஆச்சி உமிக்கரியில்தான் பல் விளக்குவார். வளவில் இருந்த பித்தளைக் குடங்களுக்கும் அதே உமிக்கரிதான். கரிக்கு அந்தத் தேய்க்கும் வலு சிலிக்காவால் வருகிறது. மணலில் இருக்கும் அதே பொருள். உமியை முழுக்க எரித்தால் எடையில் 15 முதல் 20 விழுக்காடு சாம்பல் மிஞ்சும், அதில் பெரும்பங்கு சிலிக்கா. எரியும்போது புகையாய்ப் போய்விடுகிற லிக்னின் இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு. செடிக்கு விறைப்புத் தருவது அதுதான்.

இரண்டையும் ஏன் சேர்க்க வேண்டும்? இப்படிப்பட்ட பொடியை ரப்பருக்கு வலுவூட்டக் கலப்பதுண்டு. சிலிக்கா கடினமானது, ஆனால் ரப்பரில் போட்டால் ஒட்டாமல் கட்டி கட்டியாய்ச் சேரும். லிக்னின் ரப்பரோடு கொஞ்சம் இணங்கும், ஆனால் சூட்டில் இளகும். சிலிக்காத் துகள்மேல் லிக்னின் படிந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து சுவர் பூசிய செட்டிநாட்டுக் கொத்தனாருக்கு இந்த யோசனை புதிதாக இருக்காது.

இது அடுப்படி வேலை இல்லை. கல்லூரி ஆய்வகத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள்.

முதல் நாள்: வேகவைத்தல்

அரிசி ஆலையில் கிடைக்கும் உமியைத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, 50 கிராம் எடுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் 20 கிராம் காஸ்டிக் சோடாவைச் சிறுகச் சிறுகக் கரையுங்கள், கரையும்போதே சுடும். உமியைப் போட்டு இரண்டு மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு, வற்றும் தண்ணீரை ஈடுசெய்யுங்கள்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். வீட்டில் கிடக்கும் பழைய மங்குச் சட்டியும் வேண்டாம். மங்குப் பூச்சும் ஒருவகைக் கண்ணாடி. காஸ்டிக் கரைக்க வந்ததே சிலிக்காவைத்தான், சட்டியில் இருப்பதை மட்டும் விட்டுவைக்குமா?

ஆறியதும் துணியில் வடிகட்டுங்கள். கடுங்காப்பி நிறத்தில் இறங்கும் நீரில் லிக்னினும் சிலிக்காவும் சேர்ந்தே கரைந்திருக்கின்றன. தனித்தனியாய்ப் பிரித்துப் பிறகு கலக்கும் வேலை மிச்சம். துணியில் தங்குவது பெரும்பாலும் செல்லுலோஸ் நார்.

இரண்டாம் நாள்: வீழ்படிவு

சரக்கு நன்றாக வருவதும் கெடுவதும் இங்கேதான்.

நீர்த்த கந்தக அமிலம் தேவை. 28 மில்லி அடர் அமிலத்தைத் தண்ணீருக்குள் மெல்ல ஊற்றி, ஆறவிட்டு, மொத்தம் அரை லிட்டராக்குங்கள். அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது, தெறித்துவிடும்.

முதல் நாள் வடித்த கருநீரை 60 டிகிரி சூட்டில் கலக்கிக்கொண்டே அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதல் தடவை நான் பொறுமை இல்லாமல் மடமடவென்று ஊற்றினேன். முழுதும் களி மாதிரி இறுகியது. வடிதாளில் ஒரு சொட்டு இறங்கவில்லை. சிலிக்கா அவசரப்பட்டால் கூழாகிவிடும்.

பி.எச். (அமில-கார அளவு; 7 நடுநிலை) 10-க்குக் கீழே வரும்போது சிலிக்கா திரளத் தொடங்கும். 7 வந்ததும் 'முடிந்தது' என்று நிறுத்துவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. அப்போது லிக்னினில் பெரும்பகுதி இன்னும் நீரிலேயே இருக்கும். மேல்நீர் பழுப்பாக இருப்பதே சாட்சி. 3 வரை இறக்குங்கள். லிக்னின் தன் ஹைட்ராக்சில் முனைகளால் சிலிக்காப் பரப்பைப் பற்றிக்கொண்டு கூடவே விழும். இரவு முழுக்க அசையாமல் வையுங்கள்.

மூன்றாம் நாள்: கழுவுதல், உலர்த்தல்

வடிகட்டி, படிவைத் தண்ணீரால் நாலைந்து தடவை கழுவுங்கள். உள்ளே சோடியம் சல்பேட் உப்பு நிறைய இருக்கும். கழுவிய நீரில் ஒரு சொட்டு பேரியம் குளோரைடு விட்டுப் பாருங்கள். வெண்மையாகக் கலங்கினால் இன்னும் கழுவ வேண்டும். பேரியம் நஞ்சு, கையில் படக் கூடாது. படிவை 60 டிகிரியில் உலர்த்தி, அரைத்துச் சலித்தால் பழுப்புப் பொடி தயார். மிஞ்சிய அமில நீரைச் சலவைச் சோடாவால் நடுநிலையாக்கிய பிறகே கொட்டுங்கள்.

வந்தது சரியா?

நன்றாக உலர்ந்த 1 கிராம் பொடியை மூசையில் வைத்து 600 டிகிரி உலையில் எரியுங்கள். பழுப்பு போய் வெள்ளைத் தூள் மிஞ்சும். அது 0.6 கிராம் இருந்தால், உங்கள் பொடியில் சுமார் 60 விழுக்காடு சிலிக்கா; எரிந்து போனதில் பெரும்பகுதி லிக்னின். உப்பு சரியாகக் கழுவப்படாவிட்டால் அதுவும் எரியாமல் தங்கி, சிலிக்கா கூடுதலாக இருப்பதாகக் கணக்குக் காட்டும்.

இன்னொரு சோதனை மாணவர்களுக்குப் பிடிக்கும். மெத்திலீன் நீலம் கலந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை பொடி போட்டுக் குலுக்கி, அரைமணி கழித்து வடிகட்டுங்கள். சாயம் பொடியில் ஒட்டிக்கொள்வதால் நீர் வெளுத்திருக்கும். காரைக்குடிப் பக்கம் கண்டாங்கிக்கு நூல் சாயமிடும் பட்டறைகளைப் பார்த்தவன் நான். அந்தத் தண்ணீரிலும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு புட்டியில் பொடியை எடுத்து வைத்திருக்கிறேன்.