ஜேஎஸ்எஃப்ல டைப் பண்ண வேல்யூ காணாம போகுதா, எங்க தேடணும்

ஃபார்ம்ல எல்லாத்தையும் டைப் பண்ணி சேவ் அமுக்குறோம், பேஜ் ஒரு தடவ மினுக்குன்னு வந்து நிக்குது, டேட்டாபேஸ்ல ஒண்ணும் ஏறல, லாக்ல ஒரு எர்ரர் கூட இல்ல. ஜேஎஸ்எஃப்ல (ஜாவால வெப் பேஜ் கட்டுற ஃப்ரேம்வொர்க்) வேலை பாக்குற எல்லாருக்கும் இப்படி ஒரு சாயங்காலம் வந்திருக்கும். அந்த அவசரத்துல பீனுக்கு (பேஜோட டேட்டாவ வெச்சிருக்கிற ஜாவா ஆப்ஜெக்ட்) ஒரு ரிக்வெஸ்ட்டோட முடிஞ்சுபோற ரிக்வெஸ்ட் ஸ்கோப்ப எடுத்துட்டு, செஷன் முடியறவரைக்கும் இருக்கிற செஷன் ஸ்கோப் போட்டுடுவாங்க, பிரச்சனை அப்பவே மறைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க. ஜேஎஸ்எஃப்ல ஞாபகம் வெச்சிருக்கறது ரெண்டு இடத்துல, ஒண்ணு நம்ம பீன், இன்னொண்ணு காம்பொனென்ட் ட்ரீ. இன்புட் பாக்ஸ், டேபிள், பட்டன் இதெல்லாம் சர்வர்ல ஆப்ஜெக்டா இருக்கு, அதுங்களுக்குன்னு தனி ஸ்டேட் இருக்கு. மறந்தது யாருன்னு தெரிஞ்சாலே பாதி கிணறு தாண்டியாச்சு.

பீன்லருந்து ஆரம்பிங்க. பீன் உண்டானதும் ஓடுற போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தட்ல ஒரே ஒரு லாக் லைன், அந்த ஆப்ஜெக்டோட ஐடென்டிட்டி ஹேஷ்கோட பிரிண்ட் பண்ணுங்க. கன்ஸ்ட்ரக்டர்ல போடாதீங்க, சிடிஐ (பீன்கள உண்டாக்கி நிர்வகிக்கிற ஜாவா வசதி) பீனுக்கு பதிலா நிக்கிற ப்ராக்ஸிய உண்டாக்கும்போதும் அது ஓடலாம், கணக்கு தப்பாயிடும். இப்ப பேஜ ஓப்பன் பண்ணி, அதே பேஜ்ல இருக்கிற ஒரு பட்டன ரெண்டு தடவ அமுக்குங்க. ஒவ்வொரு தடவையும் புது நம்பர் வந்தா ரிக்வெஸ்ட் ஸ்கோப், கடைசி வரைக்கும் ஒரே நம்பர்னா வியூ ஸ்கோப் (அதே பேஜ்ல இருக்குறவரைக்கும் பீன் உயிரோட இருக்கும்) ஒழுங்கா வேலை செய்யுது. ஒரே க்ளிக்குக்கு அஞ்சாறு நம்பர் வந்துச்சுன்னா இம்போர்ட் லைன்ல கை வைங்க, அங்கதான் கோளாறு.

ஏன்னா வியூஸ்கோப்ட்ங்கற பேர்ல ரெண்டு அனோட்டேஷன் இருக்கு. ஒண்ணு ஃபேசஸ் டாட் பீன் பேக்கேஜ்ல, 2009ல ஜேஎஸ்எஃப் 2.0 வந்தப்போ வந்தது. இன்னொண்ணு ஃபேசஸ் டாட் வியூ பேக்கேஜ்ல, 2013ல 2.2ல வந்தது. மேல @நேம்ட் போட்டுட்டு, ஐடிஇ மொதல்ல காட்டுதேன்னு பழையத இம்போர்ட் பண்ணிட்டா, சிடிஐக்கு அது ஸ்கோப்புன்னே தெரியாது, டிபென்டென்ட்னு (தனக்குன்னு ஸ்கோப் இல்லாததுன்னு) எடுத்துக்கும், பேஜ்லருந்து பீன கூப்பிடுற எக்ஸ்பிரஷன் ஓடுற ஒவ்வொரு தடவையும் ஒரு புது பீன் பொறக்கும், நீங்க பேர ஒரு பீன்ல போட்டு வேற பீன்லருந்து சேவ் பண்ணிட்டிருப்பீங்க. பீன்ஸ் எக்ஸ்எம்எல்ல டிஸ்கவரி மோட் அனோட்டேட்டட்னு இருந்தா இன்னும் வேற மாதிரி, பீனே கண்ணுல படாது, டார்கெட் அன்ரீச்சபிள்னு எர்ரர் வரும். எர்ரர் வர்றது ஒரு விதத்துல நல்லது. 2022ல வந்த ஜகார்த்தா ஃபேசஸ் (ஜேஎஸ்எஃபோட புது பேர்) 4.0ல அந்த பழைய பேக்கேஜயே தூக்கிட்டாங்க, பெரிய நிம்மதி.

அடுத்தது, பட்டன் அமுக்கினா ஆக்ஷன் மெத்தட் கூப்பிடவே மாட்டேங்குது. லீவ் அப்ரூவல் ஸ்கிரீன்னு வெச்சுக்கோங்க. சர்ச் பண்ணா டேபிள்ல பத்து வரி வருது, ஒவ்வொரு வரியிலயும் அப்ரூவ் பட்டன், பீன் ரிக்வெஸ்ட் ஸ்கோப். அப்ரூவ் அமுக்கினதும் போறது புது ரிக்வெஸ்ட், பீனும் புதுசு, லிஸ்ட் காலி. அமுக்கினது எந்த பட்டன்னு பாக்க ஜேஎஸ்எஃப் அந்த டேபிள திரும்ப வரி வரியா சுத்திப் பாக்கும், ஆனா வரியே இல்லாத டேபிள்ல பட்டன் எங்கருந்து வரும், அதனால சத்தமே இல்லாம விட்டுடும். ரெண்டர்ட் அட்ரிப்யூட்லயும் இதே கதைதான், க்ளிக் வரும்போது அந்த கண்டிஷன திரும்ப கணக்கு போடும், ஃபால்ஸ்னு வந்தா பட்டன் இல்லாத மாதிரிதான். ரெண்டுக்கும் மருந்து வியூ ஸ்கோப். பேஜ்ல மெசேஜஸ் டேக் ஒண்ணும் போட்டு வைங்க, வேலிடேஷன் ஃபெயில் ஆகி ஆக்ஷன் நின்னிருந்தாலும் தெரிஞ்சுடும்.

வியூ ஸ்கோப் சரியா போட்டும் நம்பர் மாறுதுன்னா ஆக்ஷன் மெத்தட் என்ன ரிட்டர்ன் பண்ணுதுன்னு பாருங்க. அதே பேஜோட பேர ரிட்டர்ன் பண்ணாலும் அது புது வியூதான். அங்கயே நிக்கணும்னா நல் (null) ரிட்டர்ன் பண்ணணும், இல்ல மெத்தட் வாய்டா (எதுவும் ரிட்டர்ன் பண்ணாததா) இருக்கணும்.

இப்ப காம்பொனென்ட் பக்கம். இதுலதான் நான் ரெண்டு நாள் ஓட்டினேன். எடிட் டயலாக்ல ஒருத்தர் வயச எழுத்துல டைப் பண்ணி சேவ் குடுத்தா வேலிடேஷன் ஃபெயில், சரி. டயலாக்க மூடிட்டு அடுத்த ஆள செலக்ட் பண்ணா, ப்ரேக்பாயிண்ட்ல பீன் கரெக்டா புது ஆள காட்டுது, ஸ்கிரீன்ல மட்டும் பழைய ஆளோட பேர்! காரணம் என்னன்னா, ஒரு ஃபீல்ட் ஃபெயில் ஆனாலும் அப்டேட் மாடல் ஃபேஸ் (இன்புட் வேல்யூவ பீன்ல எழுதுற கட்டம்) நடக்காது, பாஸ் ஆன மத்த இன்புட்டெல்லாம் தன்னோட வேல்யூவ கையிலயே பிடிச்சுக்கிட்டு நிக்கும், கையில வேல்யூ இருக்குறவரைக்கும் பீன கேக்காது. வரிய செலக்ட் பண்ற இடத்துல இருக்கிற எஃப் அஜாக்ஸ் டேக்ல ரீசெட்வேல்யூஸ் ட்ரூன்னு போடுங்க, ரெண்டர்ல அந்த இன்புட்ஸ் வரணும், அவ்ளோதான். இதுவும் 2.2லருந்து இருக்கு.

பைண்டிங் அட்ரிப்யூட்ல காம்பொனென்ட்ட பீனோட கட்டினா அந்த பீன் ரிக்வெஸ்ட் ஸ்கோப்தான் இருக்கணும். செஷன் பீன்ல கட்டினா டூப்ளிகேட் ஐடின்னு எர்ரர் வரும்.

சரி, செஷன் ஸ்கோப் ஏன் வேண்டாம்? நான் முன்ன வேலை பாத்த இடத்துல செலக்ட் பண்ண ஊழியர் செஷன் பீன்ல இருந்தாரு. எச்ஆர் அக்கா ஒரு டேப்ல ஒருத்தர, இன்னொரு டேப்ல வேற ஒருத்தர ஓப்பன் பண்ணிட்டு, மொத டேப்புக்கு திரும்பி வந்து அப்ரூவ் அமுக்கினாங்க. லீவ் போச்சு ரெண்டாவது ஆளுக்கு. அம்மாவுக்கு ஆபரேஷன்னு கேட்டிருந்த மனுஷன் அப்ரூவல் வரலியேன்னு வெயிட் பண்ணிட்டிருந்தாரு, எனக்கு இன்னும் மனசு கேக்கல. லாகின் பண்ணவர் யாரு, எந்த மொழி, இந்த மாதிரி எல்லா டேப்புக்கும் பொதுவானது மட்டும் செஷன்ல இருக்கட்டும்.

வியூ எக்ஸ்பயர்ட் எக்ஸப்ஷன் (சேவ் ஆன வியூ இப்ப இல்லன்னு சொல்ற எர்ரர்) வந்தா செஷன் டைம்அவுட்ட மட்டும் பாக்காதீங்க. ஸ்டேட் சர்வர்ல சேவ் ஆகுதுன்னா மொஜாரா (ஜேஎஸ்எஃபோட ஒரு இம்ப்ளிமென்டேஷன்) டீஃபால்டா ஒரு செஷனுக்கு 15 வியூதான் வெச்சிருக்கும், இன்னொரு இம்ப்ளிமென்டேஷனான மைஃபேசஸ் 20. நெறய டேப் திறக்குறவங்களுக்கு பழைய டேப் செத்துப்போயிடும். நம்பர ஏத்தலாம், மெமரியும் கூடவே ஏறும். ஸ்டேட் சேவிங்க க்ளையன்ட்னு மாத்தினா அந்த எக்ஸப்ஷன் போயிடும், ஆனா வியூ ஸ்கோப் பீன் அப்பவும் செஷன்லதான் இருக்கும், செஷன் முடிஞ்சப்புறம் க்ளிக் பண்ணா எர்ரர் இல்லாம காலி பீன் ஒண்ணு பொறக்கும், லாக்ல நம்பர் மாறியிருக்கும். அந்த ஸ்கிரீன்ல சேவ் பண்றதுக்கு முன்னாடி ஐடி காலியா (null) இருக்கான்னு ஒரு செக் கட்டாயம் போடுங்க.