வீட்டில் பாட்டு அறுபடாமல் ஓட எதற்கு லேன் கேபிள், எதற்கு வைஃபை

பாட்டு விட்டுவிட்டு ஓடினால் பலரும் முதலில் இன்டர்நெட் பிளானை உயர்த்துகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். சிடி தரம் என்பது நொடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் 1.4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 14 லட்சம் பிட்). தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக மாற்றினால் பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டுகூடச் சுருக்காமல் 9.2 எம்பிபிஎஸ்தான். பழைய 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வேகம் போதுமானதற்கு மேலேயே இருக்கிறது. வரத்து சீராக இல்லாததுதான் சிக்கல். வைஃபையில் ஒரு சேனலில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனலில் இருந்தால் அதற்கும் வழிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நெட்வொர்க்கிலிருந்து பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் கருவி ஸ்ட்ரீமர். அதன் பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில், சில நொடிகளுக்கான பாட்டு இருக்கும். அதற்குள் அடுத்த தரவு வந்து சேராவிட்டால் பாட்டு நின்றுவிடும். கேபிளில் இந்தக் காத்திருப்பே கிடையாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: கேபிள் போட்டால் ஒலி இனிமையாகும் என்பதை நம்பி விலையுயர்ந்த "ஆடியோ" லேன் கேபிள் வாங்க வேண்டாம். தரவு சிறு சிறு பாக்கெட்டுகளாகப் போகிறது. டிசிபி என்ற அனுப்பும் முறையில் ஒரு பாக்கெட் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கப்படும். அதனால் எந்த வழியில் வந்தாலும் அதே பிட்தான் வந்து சேரும். கேபிளின் பயன் பாட்டு நிற்காமல் ஓடுவது. அந்தக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள்.

முதலில் கேபிளில் மாட்ட வேண்டியது ஸ்பீக்கர் பக்கத்து ஸ்ட்ரீமரை அல்ல, பாட்டு சேமித்திருக்கும் நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) அல்லது கணினியை. இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இருமுறை போகிறது, நாஸிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து ஸ்ட்ரீமருக்கு ஒருமுறை. நாஸை ரவுட்டர் பக்கத்தில் வைத்து ஒரு மீட்டர் பேட்ச் கார்டில் (இரு முனையிலும் பிளக் உள்ள ரெடிமேட் லேன் கேபிள்) மாட்டினாலே காற்றின் சுமை பாதியாகிவிடும். சுவரைத் தொடவே வேண்டாம். அடுத்தது ஹாலில் ஆம்ப்ளிஃபயரோடு இருக்கும் ஸ்ட்ரீமர். மெஷ் (பல யூனிட்கள் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை தரும் அமைப்பு) வைத்திருந்தால் அதன் யூனிட்களுக்கு இடையே ஒரு கேபிள். போன் வைஃபையிலேயே இருக்கட்டும். ஸ்பாட்டிஃபை கனெக்ட், குரோம்காஸ்ட் இரண்டிலும் போன் வெறும் ரிமோட்தான், ஸ்பீக்கர் பாட்டை நேராக எடுத்துக்கொள்ளும். ஐபோனிலிருந்து ஏர்பிளேயில் அனுப்பினால் பெரும்பாலும் பாட்டு போன் வழியாகப் போகும், அப்போது போனின் சிக்னலும் முக்கியம்.

சுவருக்குள் இழுக்க கேட்-6 யூடிபி (ஷீல்டு இல்லாத முறுக்கு ஜோடிக் கேபிள்), தனிச் செம்பு, சாலிட் கம்பி (ஒவ்வொன்றும் ஒற்றைக் கம்பி) வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைப்பதில் பல, செம்பு பூசிய அலுமினியம். கம்பி முனையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது வளைத்தால் சீக்கிரம் ஒடியும், தூரம் கூடக்கூட சிக்னலும் நலியும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் லேன் கேபிளை நுழைக்கவே கூடாது. முதல் காரணம் உயிர் ஆபத்து, இரைச்சல் அடுத்ததுதான். பக்கத்தில் இணையாகப் போக நேர்ந்தால் 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் போங்கள், குறுக்கே கடந்தால் நேர்கோணத்தில் கடக்கட்டும். பயன்படுத்தாத கேபிள் டிவி ஒயர் பைப்பில் கிடந்தால் அதன் நுனியில் புதிய கேபிளைக் கட்டி, மறுமுனையிலிருந்து இழுத்துவிடலாம். 11 கிலோவுக்கு மேல் இழுவை கொடுக்காதீர்கள், உள்ளிருக்கும் முறுக்கு குலைந்துவிடும். இரு முனையிலும் 30 செ.மீ. மிச்சம் விடுங்கள். மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, வீட்டில் தாண்டவும் தாண்டாது.

முனையில் மாட்டும் பிளக்கில் 1 முதல் 8 வரை நிற வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். நடுவில் பச்சை ஜோடி பிரிந்து 3, 6-ம் இடங்களில் உட்காருவதைக் கவனியுங்கள். ஜோடி ஜோடியாக வரிசையில் வைத்து இருபக்கமும் ஒரே மாதிரி கிரிம்ப் செய்தால் (பிளக்கை அழுத்திப் பொருத்தினால்), எட்டு விளக்கு டெஸ்டரில் 1 முதல் 8 வரை அழகாக எரியும். ஆனால் 3-ம் 6-ம் வெவ்வேறு ஜோடிக் கம்பிகளாகிவிடுவதால் சிக்னல் ஒன்றோடொன்று கலந்து, இணைப்பு அவ்வப்போது விழும். டெஸ்டர் சொன்னதை நம்பி ஸ்ட்ரீமரைக் குறை சொல்வது இங்கேதான் நடக்கிறது. முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதீர்கள். கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) வர வேண்டிய இடத்தில் 100 மட்டும் காட்டினால் பெரும்பாலும் 4, 5, 7, 8-ல் ஏதோ ஒரு கம்பி பிடிக்கவில்லை. பாட்டுக்கு 100 போதும், என்றாலும் திருத்திவிடுங்கள், இன்று ஒரு கம்பி விட்ட இடத்தில் நாளை இன்னொன்று விடும்.

ஷீல்டு (உலோக உறை) போட்ட கேபிள் தேவையில்லை. இரு முனையிலும் ஷீல்டு பிடித்தால் இரண்டு கருவிகளின் எர்த்தும் இணைந்து, ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் "ம்ம்ம்" கேட்க ஆரம்பிக்கலாம். சாதா யூடிபியில் போர்ட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரே இரு கருவிகளையும் மின்சாரத்தால் இணையாமல் பிரித்து வைத்துவிடும்.

கேபிள் போகாத அறைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. ஸ்பீக்கர் இருக்கும் இடத்திலேயே போனில் வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்து பாருங்கள். சிக்னல் வலுவைச் சொல்லும் எண் மைனஸ் 65 டிபிஎம் அல்லது அதைவிட மேல் (மைனஸ் 60, மைனஸ் 50) என்றால் நிம்மதி, மைனஸ் 70-க்குக் கீழே இறங்கினால் பாட்டு அறுபடத் தொடங்கலாம். கான்கிரீட் தளமும் தடித்த செங்கல் சுவரும் 5 கிகாஹெர்ட்ஸைக் கடுமையாகத் தடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் எட்டுகிறது என்றால் ரவுட்டரில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் வைத்து, 1, 6, 11 சேனல்களில் காலியானதை நீங்களே தேர்ந்து நிலையாக வையுங்கள். ஆட்டோவில் விட்டால் பாட்டு நடுவே சேனல் மாறிக்கொள்ளலாம். மைக்ரோவேவ் அடுப்பும், யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்கும் இதே 2.4-ல் இரைச்சல் கிளப்பும். ஸ்ட்ரீமராகப் பயன்படும் சிறு கணினியான ராஸ்பெரி பையை முழு உலோகப் பெட்டியில் வைத்துவிட்டு வைஃபை வரவில்லையே என்று தேடாதீர்கள், பெட்டிதான் அடைக்கிறது.

கரண்ட் ஒயர் வழியே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் நம் வீடுகளில் நம்பத்தக்கதல்ல. மூன்று ஃபேஸ் வீட்டில் ஜோடியாக வைக்கும் இரண்டு அடாப்டரும் வேறு வேறு ஃபேஸில் மாட்டிக்கொள்ளலாம். ஒன்று இன்வெர்ட்டர் லைனில் இருந்தாலும் சிக்கல்தான். ஸ்பைக் கார்டில் சொருகினால் அதன் ஃபில்டர் சிக்னலை விழுங்கிவிடும்.

கேபிள், சிக்னல் எல்லாம் சரி, ஆனால் ஆப்பில் ஸ்பீக்கரே தெரியவில்லை என்றால் காரணம் வேறு. ஃபைபர் மோடமே ஒரு ரவுட்டர். அதன் பின்னால் இன்னொரு ரவுட்டரை அதன் வான் போர்ட்டில் (இன்டர்நெட் உள்ளே வரும் போர்ட்) மாட்டினால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க். போன் ஒன்றில், ஸ்பீக்கர் மற்றொன்றில் இருந்தால் ஒன்றையொன்று காணாது. இரண்டாவதை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (தனி நெட்வொர்க் போடாமல் வைஃபை மட்டும் தரும் மோடு) மாற்றுங்கள். அந்த மோடு இல்லையென்றால் அதன் முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, டிஎச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை லேன் போர்ட்டில் சொருகுங்கள். ஸ்பீக்கரை கெஸ்ட் வைஃபையில் சேர்த்தாலும் இதே கதிதான்.

முடிவில் ஒரு சோதனை. கணினியிலிருந்து ஸ்ட்ரீமரின் ஐபி முகவரிக்கு 10 நிமிடம் பிங் (ஒரு கருவி பதில் தர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் கட்டளை) ஓட விடுங்கள். இருபக்கமும் கேபிள் என்றால் 1 மில்லிசெகண்டை ஒட்டியே நிற்கும். வைஃபையில் 2 முதல் 10 வரை ஆடுவது சகஜம். அடிக்கடி 200, 300 என்று எகிறினாலோ பதிலே வராமல் போனாலோ இடத்தையோ சேனலையோ மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பகல் 11 மணிக்குச் செய்து திருப்திப்பட வேண்டாம். இரவு 9 மணிக்கு, அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் வைஃபை ஓடும்போது செய்யுங்கள்.