செப்டம்பரா ஜனவரியா, ரெண்டு மெடிக்கல் சீட்டுல நான் முடிவெடுத்த கதை

கரீபியன்ல ரெண்டு மெடிக்கல் காலேஜ்ல சீட் கிடைச்சுது, ஒன்னு செப்டம்பர்ல ஆரம்பம், இன்னொன்னு ஜனவரி. முதல்ல செப்டம்பர்தான்னு குதிச்சேன், நாலு மாசம் சும்மா உக்காரணுமேங்கிற பயம், வேற ஒன்னும் இல்ல.

அப்புறம் பின்னாடியிருந்து கணக்கு போட்டேன். படிச்சு முடிச்சு அமெரிக்கால டாக்டராகறதுதான் ப்ளான். அங்க ரெசிடென்சி, அதாவது படிப்புக்கு அப்புறம் ஆஸ்பத்திரில எடுக்குற பயிற்சி, பொதுவா ஜூலைலதான் தொடங்கும், யாருக்கு எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ற மேட்ச் ரிசல்ட் மார்ச்ல. செப்டம்பர்ல சேந்தா நாலாவது கல்வியாண்டு முடிஞ்சதும் கிட்டத்தட்ட நேரா ஜூலைக்குப் போயிடலாம், ஜனவரில சேந்தா கடைசில ஆறு மாசம் போல கேப் விழும். ஆனா அந்த கேப்ப ரெசிடென்சி இன்டர்வியூவுக்கு வச்சுக்கலாம், அமெரிக்க டாக்டர் லைசென்ஸ் பரீட்சைல (USMLE) ரெண்டாவது கட்டமான ஸ்டெப் 2-வ அவசரமில்லாம எழுதலாம். முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு 2022-லேருந்து வெறும் பாஸ் ஃபெயில்தான், அதனால ஸ்டெப் 2 ஸ்கோருக்கு இப்போ மவுசு ஜாஸ்தி.

உண்மையில முடிவு பண்ணது தேதி இல்ல. உலகத்துல இருக்குற மெடிக்கல் காலேஜ்கள பட்டியல் போடுற வேர்ல்டு டைரக்டரி ஆஃப் மெடிக்கல் ஸ்கூல்ஸ் வெப்சைட்ல ரெண்டையும் தேடி, அங்க படிச்சவங்கள அமெரிக்கா மாதிரி நாடுங்க ஏத்துக்குமான்னு சொல்ற ஸ்பான்சர் நோட்ஸ் படிச்சேன் (இத முதல் நாளே பண்ணிருக்கணும்!), செப்டம்பர் காலேஜோட அங்கீகாரம் பத்தி நான் கேட்டதுக்கு அவங்க மழுப்பலாத்தான் மெயில் போட்டாங்க. ஜனவரிக்கே டெபாசிட் கட்டிட்டேன், அந்த நாலு மாசம் பயோகெமிஸ்ட்ரி படிச்சே ஓடிப்போச்சு.