எண்ணெய் வடியாத வியட்நாம் பாணி பர்கர்

பர்கரில் கொழுப்பைக் குறைப்பது சுலபம். குறைத்த பிறகும் அது தொண்டையில் அடைக்காமல் இறங்க வேண்டுமே, பாடு அதில்தான். மாட்டிறைச்சி பர்கருக்கு வழக்கமாக எடுக்கும் கொத்துக்கறியில் 100 கிராமுக்கு 20 கிராம் கொழுப்பு இருக்கும். தோல் நீக்கிய கோழித் தொடைக்கறியில் சுமார் 4 கிராம்தான். அந்த இடத்தை நிரப்ப வியட்நாமின் பான் மீ என்ற சாண்ட்விச் நல்ல வழி காட்டுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன ரொட்டிக்குள் கொஞ்சம் இறைச்சி, அதற்கு ஈடாகப் புளிப்புக் காய்கள், வெள்ளரி, கொத்தமல்லி, பச்சை மிளகாய். நாக்குக்கு வேண்டிய ஈரத்தையும் காரத்தையும் காய்களே கொடுத்துவிடுகின்றன. கீழே உள்ள அளவு 4 பர்கருக்கு.

முதலில் ஊறுகாயைப் போட்டுவிடுங்கள், அது ஊற ஒரு மணி நேரமாவது வேண்டும். கேரட் 150 கிராம், வெள்ளை முள்ளங்கி 150 கிராம், இரண்டையும் தீக்குச்சி கனத்தில் நீளமாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் உப்பும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் போட்டுப் பிசறி 15 நிமிடம் வையுங்கள். ஒரு முள்ளங்கித் துண்டின் இரு முனைகளையும் வளைத்துப் பாருங்கள். ஒடியாமல் தொட்டுக்கொண்டால் போதும். அலசி, இறுக்கிப் பிழிந்து, பாட்டிலில் அடையுங்கள். அரை கப் வினிகர், அரை கப் வெந்நீர், மூன்று டேபிள்ஸ்பூன் சர்க்கரை கலந்து, சர்க்கரை கரைந்து ஆறியதும் மேலே ஊற்றுங்கள். பிழியாமல் போட்டால் காயிலிருந்து நீர் விட்டு வினிகர் நீர்த்துவிடும், இரண்டாம் நாளே சவசவ என்றாகும். ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். மூடியைத் திறந்ததும் ஒரு நாற்றம் முகத்தில் அடிக்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள், அது முள்ளங்கியின் குணம். சில நிமிடம் திறந்து வைத்தால் போய்விடும்.

கறிக்கு வருவோம். நெஞ்சுக்கறி வேண்டாம். எத்தனை பக்குவமாகச் சுட்டாலும் அது வைக்கோலாகத்தான் வரும். தோல் நீக்கிய தொடைக்கறி 500 கிராம், கொத்துக்கறியாகக் கேளுங்கள். ஈரத்துக்காக 100 கிராம் பட்டன் காளானைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் விடாமல் வாணலியில் வதக்குங்கள். நீர் முழுக்க வற்றி, காளான் பாதியாகச் சுருங்க வேண்டும். பிறகு நன்றாக ஆற விடுங்கள். பச்சையாகச் சேர்த்தால் வேகும்போது நீர் விட்டு, பேட்டி (பன்னுக்குள் வைக்கும் கறி வட்டு) சிவக்காமல் அவிந்து, திருப்பும்போது இரண்டாகப் பிளக்கும்.

எலுமிச்சைப் புல்லில் டீக்கு விற்கிற இலைக்கட்டு இதற்கு உதவாது, தடித்த தண்டு வேண்டும். இரண்டு தண்டு எடுத்து, வெளி மடல்களை உரித்து, அடியில் உள்ள வெள்ளைப் பகுதியில் நாலு அங்குலத்தை மட்டும் மெல்லிய வளையங்களாக வெட்டி, பிறகு கொத்திப் பொடியாக்குங்கள். நீளவாக்கில் வெட்டினால் நார் பல்லிடுக்கில் மாட்டும். இதோடு பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 5, பூண்டு 3 பல், கொத்தமல்லித் தண்டு ஒரு கைப்பிடி, சர்க்கரை ஒரு டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், மீன் சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன். தனியாக உப்பு வேண்டாம், மீன் சாஸில் இருப்பதே போதும். அது வாங்கும்போது பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். நெத்திலியும் உப்பும், மிஞ்சினால் சர்க்கரையும் இருந்தால் நல்ல சரக்கு. வியட்நாம் பாட்டில்களில் 30, 40 என்று போட்டிருப்பது லிட்டருக்கு எத்தனை கிராம் நைட்ரஜன் என்ற கணக்கு. எண் கூடக்கூட மீன் சாரம் அதிகம், விலையும் அதிகம்.

எல்லாவற்றையும் கறியில் போட்டு ஒரு நிமிடம் பிசையுங்கள். உப்பு பட்டதும் புரதம் பசைபோல் இளகிப் பிடித்துக்கொள்ளும், அதனால் முட்டையோ ரொட்டித்தூளோ தேவையில்லை. ஐந்து நிமிடம் அடித்துப் பிசைந்தீர்களோ, கடித்தால் ரப்பர்தான். கையை நனைத்துக்கொண்டு நான்காகப் பிரித்து, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில், பன்னைவிடச் சற்று அகலமாகத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி போடுங்கள். வேகும்போது ஓரம் சுருங்கி நடு உப்புவதை அந்தக் குழி சரிக்கட்டும். 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகும்.

தோசைக்கல்லில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் தடவி, மிதமான தீயில் 5 நிமிடம். தீயைக் கூட்டினால் சர்க்கரை கருகி வெளியே கசக்கும், உள்ளே வேகாது. ஒட்டிக்கொண்டிருந்தால் கரண்டியால் நெம்பாதீர்கள். அடி சிவந்ததும் தானே விடும். திருப்பி 4 நிமிடம், கடைசி 2 நிமிடம் தீயைத் தணித்து மூடி போடுங்கள். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒன்றை வெட்டிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்போ பச்சைத்தன்மையோ இருக்கக்கூடாது. கரண்டியால் அழுத்துகிற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். இருக்கிற கொஞ்ச நஞ்சச் சாறும் கல்லில் போய்விடும்.

மயோனைசை முழுக்க ஒதுக்கத் தேவையில்லை. ஒரு டேபிள்ஸ்பூன் மயோனைசுக்கு, துணியில் கட்டி நீர் வடித்த தயிர் நான்கு டேபிள்ஸ்பூன், ஸ்ரீராச்சா என்ற மிளகாய் சாஸ் இரண்டு டீஸ்பூன், சில சொட்டு எலுமிச்சைச் சாறு. வடிக்காத தயிர் என்றால் பன் ஊறி நழுவும்.

பன் வெண்ணெய் அதிகம் சேராத சாதா வகையாக இருக்கட்டும். மேல் பாதியின் உள் பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து எடுத்தால் காய்க்கு இடம் கிடைக்கும், மாவும் குறையும். வெட்டிய பக்கத்தை வெறும் கல்லில் சுட்டு, இரண்டு பக்கமும் சாஸ் தடவுங்கள். கீழே வெள்ளரி, மேலே பேட்டி, பிறகு பிழிந்தெடுத்த ஊறுகாய் ஒரு கைப்பிடி, தண்டோடு கொத்தமல்லி, வளையமாக வெட்டிய பச்சை மிளகாய். ஊறுகாயில் கஞ்சத்தனம் காட்டினால் இது வெறும் கோழி பர்கர்தான். பன்னே வேண்டாதவர்கள் லெட்யூஸ் இலையில் புதினாவோடு சுற்றிச் சாப்பிடலாம். சுட்ட இறைச்சியை இலையில் சுற்றி உண்பது வியட்நாமில் அன்றாட வழக்கம்.

வேகவைக்காத பேட்டிகளை நடுவே பட்டர் பேப்பர் வைத்து ஃபிரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி உறைவு நீங்கவிடுங்கள். சுட்டது மிஞ்சினால் மறுநாள் துண்டாக்கி, வெறும் இடியாப்பத்தின் மேல் போட்டு, மிச்ச ஊறுகாயையும் சேர்த்து, மீன் சாஸ், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு தலா ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து ஊற்றிச் சாப்பிடுங்கள்.