"பிடுங்கி விடுங்கோ டொக்டர்": பல் வைத்தியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பல் வைத்தியரிடம் வருகிற பலர், முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். "இரவு முழுக்கப் பல்லுக்கொதி, நித்திரையே இல்லை. பிடுங்கி விடுங்கோ டொக்டர்." வாயைத் திறந்து பார்த்தால், வேர்ச் சிகிச்சை (பல்லின் வேருக்குள்ளே சுத்தம் செய்து அடைப்பது) செய்து காப்பாற்றக்கூடிய கடைவாய்ப் பல். கேட்டதைச் செய்து அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் வேறு வழி இருப்பது தெரியாமல்தான் அவர் அப்படிக் கேட்கிறார்.

பல்லைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்று நெருக்குவதும் பிழைதான். வேர்ச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று தடவை வரவேண்டும். அப்புறம் பல்லுக்கு மேலே போடுகிற கிரவுன் என்ற உறையின் செலவு. நெடுந்தீவிலிருந்து படகேறி, குறிகாட்டுவானில் இறங்கி பஸ் பிடித்து வருகிற கடற்றொழிலாளிக்கு ஒவ்வொரு வரவும் ஒரு நாள் உழைப்பு. செலவையும், எத்தனை தடவை வரவேண்டும் என்பதையும், பிடுங்கினால் பக்கத்துப் பல் சாயலாம் என்பதையும் சொல்லுங்கள். எல்லாம் கேட்டபிறகும் பிடுங்கத்தான் வேண்டும் என்றால், சரி, பிடுங்குங்கள். இந்தப் பேச்சு ஊசி போடுவதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். வாய் மரத்துப்போய்ப் படுத்திருக்கிறவர் எதற்கும் தலையாட்டுவார்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களை ஒட்டி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வேறு விதமாக அவசரப்படுத்துவார்கள். மூன்று கிழமை லீவுக்குள் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்து, பல்லும் பூட்டித் தரச் சொல்வார்கள். அது எலும்போடு ஒட்டிப் பிடிக்கப் பொதுவாக 3 முதல் 6 மாதம் எடுக்கும். பிறகு ஏதும் பிழைத்தால் அவர் கனடாவில் இருப்பார், பார்க்கப்போகிறவர் நீங்கள் அல்ல. காசைப் பார்த்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சிகிச்சைக்குக் காசு அனுப்புகிற கனடா மகன் தொலைபேசியில், "அம்மாவுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்பதும் உண்டு. காசு அவருடையதாக இருக்கலாம், வாய் அம்மாவுடையது. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அரச வைத்தியசாலைக்கு வந்தவரிடம் "பின்னேரம் என்ர கிளினிக்குக்கு வாங்கோ" என்று சொல்வது பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. செய்யக்கூடாது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பாரமாகத் தெரிவது, கண்டும் சொல்லாமல் விடுவது. பல் கட்ட வந்த ஐயாவின் கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு, அல்லது அதைவிட மோசமான சிவப்புத் திட்டு. வருடக்கணக்காக வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் போட்ட வாய். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். "பயப்படுத்துவானேன், அடுத்த முறை பார்ப்போம்" என்று விட்டால், அந்த அடுத்த முறை ஒரு வருடம் கழித்து வரலாம்.

"வெத்திலை போடுறனீங்களோ ஐயா?" என்று குற்றம் சாட்டாத குரலில் கேளுங்கள். "இது பெரிசா ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணும் இதே கணக்குத்தான். போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, அவர் விரும்பினால் மகளையும் கூப்பிட்டு விளக்கி, தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிழமை நீங்களே எடுத்துக் கேளுங்கள்: "ஐயா, போனீங்களோ?"