பழ இஞ்சி பியர்: முதல் செய்முறையில் சறுக்கும் இடங்கள்

பாலைப்பழம் சந்தைக்கு வந்ததும், "இதில் இஞ்சி பியர் போடலாமா?" என்று யாராவது கேட்டு வந்துவிடுவார்கள். இஞ்சியும் சீனியும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புளிக்கவைக்கும் வாயுப் பானம் அது. போடலாம். போத்தலைக் கொதிநீரில் அலசுவது, அழுகிய பழத்தை ஒதுக்குவது எல்லாம் இங்கே இல்லை. அடுப்படி தெரிந்தவருக்கு அது தெரியும்.

பழத்தை வாசனைக்கு என்று எண்ணுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். எங்கோ கிடைத்த இஞ்சி பியர்ச் செய்முறை ஒன்றை எடுக்கிறார்கள்: லீற்றருக்கு 100 கிராம் சீனி, அறை வெப்பத்தில் மூன்று நாள். அதில் ஒன்றையும் மாற்றாமல், கால் கிலோ மாம்பழக் கூழை மேலே கொட்டுகிறார்கள். கேட்டால், "வாசத்துக்குத்தானே அண்ணை" என்று பதில்.

வாசத்துக்கு இல்லை, தம்பி. மாம்பழச் சதையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு சீனி. கால் கிலோவில் சுமார் 35 கிராம். கடைச் சீனி, பழச் சீனி என்ற பேதம் ஈஸ்ட்டுக்குக் கிடையாது. ஒரு லீற்றர் பானத்தில் 4 கிராம் சீனி புளித்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் காபனீரொட்சைட்டு உண்டாகும். கடைச் சோடா ஒரு லீற்றருக்குள் அடங்கியிருப்பதே நான்கு லீற்றர் வாயுதான். உங்கள் பழம் மட்டுமே அதைப் போல இரு மடங்கு வாயுவைத் தரும். மீதி 100 கிராமின் கணக்கை நீங்களே போடுங்கள்.

நாட்கணக்கும் அப்படியே. "அறை வெப்பம்" என்று எழுதியவர் 20 பாகை நிற்கும் ஊரில் இருந்திருப்பார். கிளிநொச்சியில் வைகாசி மாதத்துத் தகரக் கூரையின் கீழ் அவருடைய மூன்று நாள் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும்.

வவுனிக்குளப் பக்கத்துப் பொடியன் ஒருவன் அக்கா மகளின் சாமத்தியவீட்டுக்கென்று கண்ணாடிப் போத்தல்களில் அடைத்துக் கட்டிலின் கீழ் அடுக்கினான். நள்ளிரவில் ஒன்று வெடித்தது. அதன் சில்லுப் பட்டு அடுத்ததும் வெடித்தது. மெத்தை தடிப்பாக இருந்ததால் முதுகு தப்பியது. விடிந்ததும் என்னிடம் வந்து, இஞ்சி கூடிவிட்டதா என்று கேட்டான்!

மொத்தச் சீனியிலிருந்து தொடங்குங்கள். லீற்றருக்கு 60 கிராம் என்று வைத்து, பழம் தருவதைக் கழித்து, மிச்சத்தை மட்டும் சீனியாகப் போடுங்கள். கால் கிலோ மாம்பழத்துக்கு 25 கிராம் போதும். அந்த 60 கிராமும் முழுதாகப் புளித்தால் எந்தப் போத்தலும் தாங்காது; அதை நிறுத்துவது குளிர் மட்டுமே. ஆகவே பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் அடைத்து, அடிக்கடி அழுத்திப் பாருங்கள். அமுங்காமல் இறுகியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போகட்டும். மின்தடை நீண்டால் மூடிகளைத் தளர்த்திவிடுங்கள். பெட்டி இல்லாத வீட்டில், அன்றே குடித்து முடிக்கும் அளவுதான் செய்யவேண்டும்.

விளாம்பழத்தைக் கொதிக்கவைப்பது

அதில் பெக்டின் என்ற, ஜாமை இறுகவைக்கும் பசைப்பொருள் நிறைய. கொதித்தால் கலங்கல் தெளியாது. ஜாம் போடுகிறவர்களுக்கு அது வரம், நமக்குத் தலையிடி. ஆவி எழும் சூட்டில் கால் மணி நேரம் வைத்து, ஆறவிட்டு வடியுங்கள்.

பாலைப்பழத்துக்கு நல்ல வடிதுணி

உதட்டில் ஒட்டும் அந்தப் பால் துணியை விட்டுவைக்குமா? பழையது போதும்.

ஆறாத பாகில் ஈஸ்ட்

செத்துவிடும்.

மூன்று பழம் ஒன்றாக

வேண்டாம்.

பனம்பழத்தில் தொடங்குவது

பனங்களியில் பிளபெலிபெரின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. பணியாரத்தில் சீனி அதை மூடிவிடும். இங்கே அந்தச் சீனியைத்தான் ஈஸ்ட் தின்கிறது. கசப்பு அப்படியே நாக்கில் நிற்கும். கை பழகிய பிறகு பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு ஊற்றுவது

வாயு வரும்போது மதுசாரமும் கூடவே வருகிறது. நாள் தள்ளிய போத்தலைக் குளிர்பானம் என்று நீட்டாதீர்கள். வேண்டுமென்றே புளிக்கவிட்டு உரமேற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு: உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது இலங்கையில் குற்றம்.